மறுபடியும் அந்தத் தீவு

"ஒரு தடவை போய் நட்சத்திரம் பார்த்தாச்சு, ஆமை பார்த்தாச்சு. மறுபடியும் எதுக்கும்மா அந்தத் தீவு?" படகுத்துறையில் மகன் வழியை மறித்து நின்றான்.

"வானம் என்ன தீர்ந்தா போச்சு?" அம்மா அவனை விலக்கிவிட்டுத் தன் பெட்டிகளைப் படகில் ஏற்றினாள்.

"ரிட்டையர் ஆனதும் பேரனோட வீட்ல இருப்பீங்கன்னு பார்த்தா..." மருமகள் மூக்கை உறிஞ்சினாள்.

"அவனுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கீங்களே!"

படகுக்காரர் மோட்டாரைக் கிளப்பினார். மகன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"அறுபது வயசும்மா! ஏதாவது ஒண்ணுன்னா அங்க ஒரு டாக்டர்கூடக் கிடையாது!"

"அதனாலதாண்டா போறேன்." அம்மா படகில் ஏறி உட்கார்ந்தாள். "போன வருஷம் நட்சத்திரம் பார்க்கத்தான் போனேன். டார்ச் வெளிச்சத்துல பிரசவம் பார்த்துட்டு வந்தேன். நான் இல்லேன்னா தாயும் பிழைச்சிருக்க மாட்டா, பிள்ளையும் பிழைச்சிருக்காது. இப்போ அங்க இன்னும் மூணு பொண்ணுங்க மாசமா இருக்காங்க."

மகன் படகை விட்டு ஓர் அடி விலகி நின்றான்.

"பெரிய ஆஸ்பத்திரியில நூறு டாக்டர்ல ஒருத்தியா முப்பத்தஞ்சு வருஷம் இருந்தாச்சு. அங்க நான் ஒருத்திதான் டாக்டர். எடுங்கண்ணே படகை!"