நகல் இருக்கிறவங்க கை தூக்குங்க

"வந்துட்டா பாருங்க துடைப்பம்! அவங்கவங்க பையைப் பத்திரமா பிடிச்சுக்குங்க!"

லவினியா காலை உள்ளே வைத்ததுமே திபேரியு கத்தினான். பழைய கம்ப்யூட்டர் லேப் முழுக்கச் சிரிப்பு.

பட்டம் வாங்கி இருபது வருஷம் ஆகிறது. இவனுக்கு முடி போயிருக்கிறதே தவிர வாய் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் வருஷச் சந்திப்புக்கு அவள் வரவில்லை. பதினைந்தாம் வருஷத்துக்கும் வரவில்லை. இந்த முறை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் கல்லூரி இருக்கும் திமிஷோராவுக்கு ரயில் ஏறியிருந்தாள். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

படித்த காலத்தில் இந்த லேப்பில் இருந்தது ஒரே ஒரு சர்வர். ஜன்னலோரம் உறுமிக்கொண்டு கிடக்கும். அதில் ஒரே டேட்டாபேஸ், ஒரே பாஸ்வேர்டு. மொத்த வகுப்பும் அதற்குள்தான் குடித்தனம். திபேரியு கால்பந்துக் குழுக்களுக்கு ஒரு தளம் கட்டினான். அன்கா கல்யாணக் கேக் ஆர்டர் எடுக்க ஒன்று. லவினியாவுடையது சினிமா டிக்கெட்.

முதன்முதலாகத் தன் பெயரைத் தட்டி பட்டனை அழுத்தினாள். சர்வர் டேட்டாபேஸில் தேடி எடுத்து, "வருக, லவினியா" என்று திரையில் காட்டியது. வகுப்பே மேசையைத் தட்டிக் கூத்தடித்தது. அந்தச் சந்தோஷம் அப்புறம் எத்தனை பெரிய வேலையை முடித்தும் அவளுக்கு வரவில்லை.

இந்தத் தளங்களுக்கு மார்க் போடும் இரண்டாம் வருஷத் தேர்வுக்கு முந்தின நாள்தான் அந்தக் கூத்து நடந்தது. சோதனைக்காகப் போட்டிருந்த குப்பைப் பெயர்களை அழிக்கப் போனாள். அவசரத்தில் தன் பகுதிக்குப் பதிலாக மொத்த டேட்டாபேஸையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். "நிச்சயமாக அழிக்கலாமா?" என்று திரை மரியாதையாகத்தான் கேட்டது. படிக்காமலே "ஆமாம்" என்று அழுத்தினாள்.

எல்லார் உழைப்பும் ஒரே நொடியில் காலி.

ஹோரியா சார் ஓடி வந்தார். "நகல் இருக்கிறவங்க கை தூக்குங்க! இருக்கிறவங்களுக்கு நாளைக்கே பரீட்சை."

ஒரு கைகூட எழும்பவில்லை. தேர்வு மூன்று வாரம் தள்ளிப்போனது. ஜூலை வெயிலில் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். திபேரியுவுக்குக் கடற்கரை ஹோட்டலில் கிடைத்திருந்த கோடைக்கால வேலை போயிற்று. அன்கா காதலனோடு மலைக்குப் போக இருந்தது நின்றது. அத்தோடு காதலும் நின்றது.

அன்று வைத்த பெயர்தான் துடைப்பம். வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகூட அந்தப் பெயரில்தான் வரும்.

இப்போது ஹோரியா சார் பழைய வருகைப் பதிவேட்டைத் திறந்தார். இந்தச் சந்திப்புகளில் அதுதான் வழக்கம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று அவரவர் கதையைச் சொல்ல வேண்டும்.

"லவினியா!"

"வந்திருக்கேன் சார். ஒரு ஆஸ்பத்திரியில டேட்டாபேஸைப் பாத்துக்கிறேன்."

"ஐயோ, நோயாளிங்க கதி?" என்றான் திபேரியு.

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கிண்டல் பண்ணு திபி, உனக்கு உரிமை இருக்கு. என் தப்பால உங்க எல்லாருக்கும் அந்தக் கோடையே போச்சு. ஆனா எனக்கு மட்டும் அந்த மூணு வாரம் கைகொடுத்துச்சு, பாஸ் பண்ணேன், இலவச சீட்டும் நிலைச்சது. இல்லேன்னா படிப்பை விட்டுட்டு ஊருக்குத்தான் போயிருப்பேன். அது இன்னும் உறுத்துது. என்னை மன்னிச்சிருங்க."



அன்கா கூரையைப் பார்த்தாள். திபேரியு, "பழங்கதை எதுக்கு இப்போ? சார், அடுத்த பேரைக் கூப்பிடுங்க" என்று அவசரப்படுத்தினான்.

சார் கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ அழிச்சதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிளாஸுக்கு வரலையேம்மா. எங்கே போயிருந்தே?"

லவினியா யோசித்தாள். "கடைவாய்ப் பல்லு பிடுங்கப் போனேன் சார். முகமே வீங்கிப்போச்சு."

"அன்னிக்குத்தான் ஒவ்வொருத்தர் நகலையும் ஃப்ளாப்பியில வாங்கிப் பார்த்து மார்க் போட்டேன். உன்னைத் தவிர எல்லார்கிட்டயும் இருந்துச்சு."

லவினியா திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயசு தாண்டிய கூட்டம் மொத்தமும் திருதிருவென்று முழித்தது.

"கை தூக்கியிருந்தா மறுநாளே இவங்களுக்குப் பரீட்சை முடிஞ்சிருக்கும். நீ மட்டும் வெறுங்கையோட நின்னிருப்பே."

"தெரிஞ்சேதான் தள்ளி வெச்சீங்களா சார்?"

"மொத்த வகுப்பும் சேர்ந்து பொய் சொல்லும்போது நான் ஒருத்தன் மட்டும் எதுக்கும்மா உண்மை பேசணும்?"

லவினியாவுக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் திபேரியு பக்கம் பாய்ந்தாள்.

"அடப்பாவி! அப்புறம் ஏன்டா இத்தனை வருஷமா என்னைக் கரிச்சுக்கொட்டினே?"

திபேரியு வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டான்.

"நாங்க யாருமே திட்டாம விட்டிருந்தா, நீ அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பியே!"