எல்லாத் தளத்திலும் சிவப்புப் பட்டை

ஆதப்பன் கடைசியாகச் செய்தது, லேப்டாப்பைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தது. திருமயத்து வீட்டில் உட்கார்ந்தபடி, பல கடைக்காரர்களின் இணையதளங்களை ஒரே நெட்வொர்க்காக நடத்தியவர் அவர்.

"எல்லாத் தளத்துக்கும் பொதுவா புதுசா ஒரு செட்டிங் சேர்த்துட்டேன் மெய்யம்மை. இனிமே எந்தத் தளத்துக்குள்ள ஒளிஞ்சாலும் தப்ப முடியாது."

"யாரு தப்ப முடியாது?" என்றாள் மனைவி.

"பொறு, தெரியும்" என்று காப்பி கேட்டார். காப்பி வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மறுநாள் காலை, அத்தனை தளங்களிலும் சிவப்புப் பட்டை தோன்றியது: 'போதும், நிறுத்து! தெருவே பார்க்கிறது.'

முதலில் போனில் அலறியது ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனி முத்துராஜ். "ஆச்சி, கரண்டுக்குக் கொக்கி போட்டது அண்ணனுக்கு எப்படித் தெரியும்? கழட்டிட்டேன்!"

அடுத்து, கீரனூர் நெய்க்கடை பெரியண்ணன். "டால்டா கலக்குறதை விட்டுட்டேன் ஆச்சி. போய்ச் சேர்ந்தும் மனுசன் விடமாட்டேங்கிறாரே!"

மெய்யம்மைக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை காலம் கூட வாழ்ந்தவர், ஊரார் ரகசியங்களை வைத்து மிரட்டியவரா?

அடுத்த நாளும் பட்டை வந்தது. நகைக்கடை திருமுருகன் நேரிலேயே வந்து செல்போனை நீட்டினார். "சைபர் கிரைம்ல புகார் கொடுத்தா அண்ணன் பேருதான் நாறும். பார்த்துக்கங்க."

அப்போது எதிர்வீட்டு ராஜலட்சுமியின் குரல் தெருவிலிருந்து வந்தது. "ஆச்சி! இன்னைக்குமா? தொட்டி நெறஞ்சு தெருவெல்லாம் தண்ணி! மோட்டாரை நிறுத்துங்க!"

மெய்யம்மை ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தாள்.

"பட்டையைக் காணோம் ஆச்சி!" என்றார் திருமுருகன்.

மெய்யம்மை திரும்பப் போய் மோட்டாரைப் போட்டாள். சற்று நேரத்தில் பட்டை வந்தது. நிறுத்தினாள். மறைந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தினமும் மோட்டாரைப் போட்டுவிட்டு, ஏதாவது ஒரு கடையின் தளத்தில் படம் ஏற்ற உட்கார்ந்தால் அவளுக்கு உலகமே மறந்துவிடும். எந்தக் கடை என்று ஆதப்பன் எங்கே தேடுவார்? தொட்டி நிறைந்தால் பட்டை வரும்படி எல்லாவற்றிலும் போட்டுவிட்டார்.

"அப்ப அது எனக்கில்லையா?"

"நீங்க நிறுத்துறதுக்கு என்ன இருக்கு?"

திருமுருகன் செருப்பைத் தேடினார். "அதை எடுத்துருங்க ஆச்சி."

"எடுத்துர்றேன்."

மறுநாள் காலை, தொட்டி நிறைந்தது தெரிந்தும் மெய்யம்மை மோட்டாரை நிறுத்தவில்லை.