இரண்டு டப்பா பாலிஷ்

“வட்டம் வட்டமா தேய்க்கணும்னு நேத்தே சொன்னேன்லா? நீங்க என்னமோ சுவருக்கு வெள்ளையடிக்குத மாதிரி மேலயும் கீழயும் இழுக்குதீய!”

ஆறுமுகத்தாய் கணவரின் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள். சுடலைக்கண்ணு ஒதுங்கி நின்றார். வேண்டுமென்றேதான் அவர் அப்படித் தேய்த்தார்.

சீவலப்பேரியில் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்ற அந்தக் கரும்பச்சை அம்பாசடரை விலைபேச, திசையன்விளையிலிருந்து தேவசிகாமணி என்ற பலசரக்கு வியாபாரி பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. அவருக்கு வண்டி பிடிக்காமல் போய்விட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து சுடலைக்கண்ணு சாமியை வேண்டிக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷம் ஊராருக்கு பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்றதும் தனக்கென்று வாங்கிய ஒரே வண்டி அது. பழைய வண்டிதான். ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. வேப்பம்பிசினும் காக்கை எச்சமும் பெயிண்டைத் தின்றுவிடும் என்று தினமும் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, ஆறுமுகத்தாயின் பழைய நூல்சேலையைப் போர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் மகன் மணிராஜ்தான் ஆள் பிடித்தான். “மாசத்துல ரெண்டு நாள் ஓடுத வண்டிக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பாடு? அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்” என்றான். மகன் கொடுத்த வாக்கை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. மனைவியாவது தன் பக்கம் பேசுவாள் என்று பார்த்தார். அவளோ போன முகூர்த்தத்தில் திசையன்விளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, தாம்பூலப் பைக்குள் இரண்டு டப்பா பாலிஷோடு வந்து இறங்கினாள்.

“தண்ணி ஊத்திக் கழுவினாப் போதும்னுதான மணி சொன்னான்?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

“ஆமா, போதுமாம்! பொண்ணு பாக்க வாரவுக முன்னால மூஞ்சியை மட்டும் கழுவிட்டா நிக்க வைப்பாவ? பவுடர் போட வேண்டாமா?”

“அங்கன பொண்ணுக்குச் சம்மதமான்னும் கேப்பாவ.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

தடவிய பாலிஷ் கோலமாவு போல வெளுத்துக் காய்ந்தது. ஆறுமுகத்தாய் அவருடைய பழைய பனியனைச் சுருட்டி வைத்துக்கொண்டு துடைக்கத் துடைக்க, மழைக்குப் பிந்திய வாழையிலை மாதிரிப் பச்சை எழும்பி வந்தது. வேப்பங்கிளை ஆடுவது பானட்டில் தெரிந்தது.

“போதும்ளா, விடு.”

“எங்க போதும்? இன்னொரு கோட்டு போடணும். இன்னொரு டப்பா முழுசா இருக்கு.”

“அவ மேல உனக்கு அப்படி என்ன கோவம்?” என்று வண்டியைக் காட்டிக் கேட்டார்.

“எஞ்சேலையெல்லாம் உடுத்திக்கிட்டு எட்டு வருஷமா சக்களத்தியா நிக்கால்லா? இன்னைக்கு நல்லா சீவிச் சிங்காரிச்சு அனுப்பி வச்சிருவோம்.”

சுடலைக்கண்ணு திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கிய தேவசிகாமணி, வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இதா வண்டி?”

“ஆமா அண்ணாச்சி. எழுபத்தெட்டாம் வருஷத்து மாடல்.”

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். விரலால் தட்டினார். பானட்டில் தன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்த முகம் சுளித்துக்கொண்டே போனது.

“பதினாறு வருஷத்து வண்டி இப்படியா மின்னும்? மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய அண்ணாச்சி. அடிபட்ட வண்டியைத்தான் இப்படி மினுக்கி மறைப்பாவ. எங்கன அடிபட்டுச்சு?”

சுடலைக்கண்ணுக்குச் சுருக்கென்றது. “அடியா? என் வண்டிக்கா? முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்தினவன் இல்ல வே நான்…”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். எடுத்துச் சொன்னால் நம்பிவிடுவார். நம்பினால் வாங்கிவிடுவார். வாழ்நாளில் முதல்முறையாக, வண்டிமேல் விழுந்த பழியைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

“சத்தியமா அடி ஒண்ணும் படல அண்ணாச்சி!” ஆறுமுகத்தாய் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “அதுவும் அந்த முன்பக்கத்துல ஒண்ணுமே இல்ல. நீங்க அங்கன பாக்கவே வேண்டாம்.”

“நான் முன்பக்கம்னு சொல்லவே இல்லியே தாயி!”

தேவசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “மணிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். அவன் மேல எனக்கு வருத்தமில்ல.” நீட்டிய காப்பியைக்கூட வாங்காமல், வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்.

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை சுடலைக்கண்ணு அசையவில்லை. பிறகு, உள்ளே பொங்கியதை அமுக்கிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

“பாத்தியாளா? எல்லாம் உன் பாலிஷால வந்த வினை. வந்த ஆளையும் விரட்டிட்டியே! நாளைக்கு மணி கேட்டா என்ன சொல்ல?”

ஆறுமுகத்தாய் பதற்றமெல்லாம் எங்கோ போக, கொடியில் கிடந்த தன் சேலையை எடுத்து வண்டியின் மேல் விரித்தாள்.

“அந்தப் பக்கத்து முந்தானையைப் பைய இழுங்க” என்றாள். “கல்யாண வீட்டுப் பந்தியில இப்பம் வந்துட்டுப் போனாரே, அவரு பெஞ்சாதி தங்கத்தாய் எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. ‘எங்க வீட்டு ஆளு மினுக்குத வண்டியைக் கண்டா வாசலோட திரும்பிருவாவ, இதோட மூணு வண்டி போச்சு’ன்னு சொல்லிச் சிரிச்சா. கை கழுவிட்டு நேரா கடைக்குத்தான் போனேன். ஒரு டப்பா பத்துமோ பத்தாதோன்னு ரெண்டா வாங்கினேன்.”