சட்டை மைக்

நார்வேத் தீவொன்றின் தேவாலயத்தில் ஹால்வரின் இறுதி ஆராதனை நடந்தது. தொலைவில் மருத்துவமனையில் கிடந்த ஹால்வரின் மகளுக்காக அதை நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தான் அய்வின்.

"அப்பாவோட பாட்டே கேக்கல. யாரோ தட்டுற சத்தம்தான் வருது" என்று அவள் எழுதினாள்.

திரையில், பாட்டு ஓடிய கணினியின் ஒலிக்கோடு அணைந்திருந்தது. சட்டை மைக்கின் கோடு குதித்தது. அய்வின் முன்னதைத் திறந்து, பின்னதை அடைத்தான்.

"போர்கில், அந்த மைக் எங்க?" என்று ஹால்வரின் மனைவியிடம் கிசுகிசுத்தான்.

"இத்தன நாளும் இந்த நேரலை வேலை அவருதுதானே! தூங்கும்போதுகூட கழட்டமாட்டாரு மனுஷன். கோட்டோட அப்படியே பெட்டியில வச்சிட்டோம்."

பாதிரியார் சிறு மண்வாரியால் சவப்பெட்டியின்மேல் மும்முறை மண் இட்டார். ஒலியை அடைத்திருந்தும் திரையில் சட்டை மைக்கின் கோடு மும்முறை எழுந்தது. அவர் மண்வாரியைக் கீழே வைத்தார். கோடு நான்காம் முறையும் எழுந்தது.

"இப்ப பாட்டு நல்லாக் கேக்குது. தட்டுற சத்தம் நின்னுடுச்சு" என்று மகள் எழுதினாள்.