நாலெழுத்து

“அண்ணனுக்குத் தேன் எடுத்துக்கிட்டியாம்மா?” என்று ஃபாரா மூன்றாவது தடவையாகக் கேட்டாள். பகுலி மடியில் கட்டியிருந்த சின்னக் குப்பியைத் தொட்டுக் காட்டினாள். அன்சிராபே சந்தையில் வாங்கியது.

மாட்டுவண்டி குலுங்கிக் குலுங்கிச் செம்மண் மேட்டில் ஏறியது. ஃபாராவுக்கு ஐந்து வயது; அண்ணனைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை. புதுக் கவுனும் வைக்கோல் தொப்பியுமாக இருப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணன் என்னைத் தூக்கிப்பானா?”

“நீதான்டி அவனைத் தூக்கணும்.”

மேட்டில் சனம் கூடியிருந்தது. குழலும் மேளமும் காதைப் பிளந்தன. வந்தவர்களுக்கெல்லாம் சோறும், கொழுப்பு மிதக்கும் பன்றிக்கறியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். குடும்பக் கல்லறையின் கல்கதவை அப்போதுதான் நகர்த்தினார்கள்.

ஏழு வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பவர்களை வெளியே எடுத்து, புதுப் பட்டு சுற்றி, தோளில் வைத்து ஆடி, பொழுது சாய்வதற்குள் திரும்ப வைத்துவிட வேண்டும். பகுலியின் மகன் சின்ன ரிவுவும் உள்ளேதான் இருந்தான்.

போன தடவை கதவை மூடிய கொஞ்ச நாளில் அம்மை வந்து, அந்தக் குடும்பத்தில் ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகளை, பகுலியின் மகனோடு நாத்தனார்கள் இரண்டு பேரின் பிள்ளைகளையும், கொண்டுபோனது. பகுலியும் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். மகனுக்குத் துணி சுற்றியதைக்கூட அவள் பார்க்கவில்லை.

கொழுந்தன் பெரிய ரிவுதான் எல்லாம் செய்தான். அவன் பேரைத்தான் பிள்ளைக்கு வைத்திருந்தது. மூன்று கட்டும் ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் இருக்க மேலே பேர் எழுதியிருக்கிறான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அந்தப் பேரைப் படிப்பதற்காகவே பகுலி செங்கல் சுமந்த கழுத்தோடு ஞாயிறுதோறும் மாதாகோவில் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். சூளையில் சிரித்தார்கள். “என்ன பகுலி, மந்திரியாகப் போறியா?”

“ஆமா. உனக்குத்தான் மொதல்ல வேலை போட்டுத் தரப்போறேன்” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றுவாள்.

பாய்களில் பெரிய கட்டுகள் வெளியே வந்தன. கடைசியாகச் சின்னவை மூன்று. பகுலி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் முதல் கட்டின் மேல் குனிந்தாள்.

மண்ணேறிய துணியில் கோணல்மாணலாக R, I, V, O என்று நாலு எழுத்து; அந்த ஊர்ப் பேச்சில் O என்றால் ‘உ’. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக் கூட்டினாள். “ரி... வு.”

அப்படியே அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். தேனைத் தெளித்தாள். பிறகு ஃபாராவின் மடியிலும் கொஞ்ச நேரம் வைத்தாள்.

“இவ்வளவுதானாம்மா கனம்?”

“சாப்பிடாமக் கெடந்தா இப்படித்தான்.”

நாத்தனார் லலாவ் பக்கத்தில் வந்து நின்றாள். “படிச்சுப் பாத்துத் தூக்குறே, குடுத்துவெச்சவ. எம்பிள்ளையோட பேரையும் படிச்சுச் சொல்லேன் அண்ணி.”

அதற்குள் பெரிய ரிவு மற்ற இரண்டு கட்டின் மேலும் புதுப் பட்டைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்திருந்தான். “படிக்க என்ன கெடக்கு? இது உன்னுது, அது அக்காவோடது. பொழுது போகுது, ஆடுங்க.”

பகுலி ஆடினாள். மழையில் நனைந்த சூளை மாதிரி ஏழு வருஷமாக அவிந்து கிடந்த உடம்பு. மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கால் செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல் கல்லறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

உள்ளே வைப்பதற்கு முன்னால் புதுப் பட்டின் மேல் தன் கையாலேயே பேரை எழுதினாள். கடைசி எழுத்தின் வட்டம் வட்டமாகவே வந்தது.

கதவை மூடினார்கள். இனி ஏழு வருஷத்துக்கு உள்ளே இருப்பவர்களை யாரும் வெளியே எடுக்க முடியாது. பெரிய ரிவு குனிந்தபடியே மண்ணைக் குழைத்துக் கல்லின் இடுக்கில் பூசிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து குடித்த சாராயம் வாடை அடித்தது.

“தம்பி, நீ மட்டும் அன்னைக்கு எழுதாம விட்டிருந்தா எம்புள்ளைய நான் எப்படிக் கண்டுபிடிச்சிருப்பேன்?” என்றாள் பகுலி. “மூணு பிள்ளைக்கும் நீதானே எழுதுனே?”

“நாந்தான்.”

“உனக்குப் படிப்பு வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

அவன் இன்னொரு பிடி மண்ணை இடுக்கில் அப்பினான்.

“எங்க அண்ணி படிச்சேன்? அன்னைக்கு எனக்கு எழுதத் தெரிஞ்சது என் பேரு ஒண்ணுதான்.”