சரணம் வரை நிற்கிறவள்

சுரங்கப்பாதையின் நடுவில், ஒன்று விட்டு ஒன்று எரிகிற குழல்விளக்குகளுக்குக் கீழே வயலின்காரர் வாசித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் படியில் இறங்கி அந்தப் படியில் ஏறிவிடுகிற கூட்டம் இது. சரணம் வரை நிற்க யாருக்கும் நேரமில்லை. அதனால் வருஷக்கணக்காகப் பல்லவியை மட்டுமே வாசிக்கிறார். முடிந்ததும் மறுபடி அதே பல்லவி. திறந்து கிடக்கிற பெட்டியின் சிவப்பு வெல்வெட்டில் சில்லறையோடு யாரோ கசக்கிப் போட்ட பஸ் டிக்கெட்டும் கிடக்கிறது. மேலே திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது. குடையில்லாமல் ஒதுங்கிய நர்ஸ் ஒருத்தி எதிர்ச்சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்கிறாள். பல்லவி நான்காம் முறையாகத் தொடங்கும்போது கண்ணைத் திறக்கிறாள். "சரணம் வாசிக்க மாட்டீங்களாண்ணா? எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்." "அதுக்கென்னம்மா, வாசிச்சிட்டாப் போச்சு." வில்லைத் தூக்குகிறார். விரல்கள் தந்திமேல் அப்படியே நிற்கின்றன, சரணம் வரவில்லை. சரியாக இருக்கிற சுருதியை மறுபடி சரிபார்க்கிறார். வில்லுக்கு ரோசின் பிசின்கட்டியைத் தேய்க்கிறார், தேய்த்துக்கொண்டே இருக்கிறார். அவள் அதைக் கவனிக்காதவள் போலப் படிப்பக்கம் பார்க்கிறாள். மழை விடுகிறது. "பரவாயில்லண்ணா, இன்னொரு நாள் கேக்கறேன்." ஈரச் செருப்பின் சத்தம் படியேறிப் போகிறது. அது தேய்ந்து அடங்குகிற நேரம் பார்த்து விரல்களுக்குச் சரணம் வந்துவிடுகிறது. அவர் ஆளில்லாத படிகளைப் பார்த்துத் திரும்பி நின்று, வில்லை அழுத்தி, மேலே தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கிறார்.