மேலே வந்த தண்ணீர்

குத்துக்கல்வலசையில் மகனுக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் தில்லைநாயகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர் அவர். தண்ணீரைப் பற்றி அவருக்கா பாடம்?

"ஏம்மா, கடல் தண்ணில என்ன கலந்திருக்குன்னு பாக்க லேசர் மிஷினை ஆழத்துக்கு இறக்குதியளாமே? ஒரு பாட்டில்ல மோந்துட்டு வந்து பாத்தா ஆவாதா? வேலையத்த வேலையால்ல இருக்கு!"

மாப்பிள்ளை ஜெகதீஸ்வரனும் சேர்ந்து சிரித்தான். பட்டுச்சேலையில் வியர்த்து வாயே திறக்காமல் இருந்த தாய் நாச்சியாரிடம், "அம்மா, ஃபேன் பக்கம் வந்து உக்காருங்கம்மா" என்று குழைந்தான். பெண் வீட்டார் உருகிப்போனார்கள்.

"மோந்துட்டு வரலாம் மாமா," என்றாள் கடல் ஆராய்ச்சியில் இருக்கும் மணப்பெண் அபர்ணா. "ஆனா மேல வர வர அழுத்தம் குறைஞ்சு, கரைஞ்சிருந்த வாயுவெல்லாம் பிரிஞ்சு போயிரும். பாட்டில்ல இருக்கது வேற தண்ணி. அதான் அங்கனயே லேசர் ஒளிய அடிச்சுப் பாக்கோம்."

"பெரிய கண்டுபிடிப்புதான், போ!"

"இந்தச் சம்பந்தத்தையும் அப்படித்தான் பாத்தேன் மாமா. போன வாரம் தோழி பேருல ரூம் போட்டு உங்க லாட்ஜுல ரெண்டு நாள் தங்குனேன்."

தில்லைநாயகத்தின் சிரிப்பு நின்றது.

"பின்னால ஒரு அம்மா போர்வை துவைச்சுக்கிட்டு இருந்தாங்க. உங்க மகன் வாளிய எத்திவிட்டு, 'ஏட்டி, கையில உசுரு இல்லியா'ன்னு கத்துனாரு. 'சீசன் நேரம், வேலைக்காரங்ககிட்ட அப்படித்தான் பேசுவாங்க'ன்னு வீட்டுல வந்து சொன்னதுக்கு எங்கப்பா சமாதானம் சொன்னாங்க."

அபர்ணா நாச்சியாரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நீங்கல்லாம் கார்ல இருந்து இறங்கும்போதுதான் தெரிஞ்சுது, அவங்க வேலைக்காரி இல்ல, இவரு அம்மான்னு."